எந்த ஏரியா தம்பி?

வடசென்னைப் பையன் ஒருவனோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் வெளியிலிருந்து வருபவருக்குத் தலை சுற்றும். ரவுடிப் படங்களைத் திட்டித் தீர்ப்பான். அடுத்து அதே மாதிரி ஒன்று வந்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு நிற்பான். எல்லாக் கட்சியும் ஒன்றுதான் என்பான். ஆனால் அவன் வட்டத்தில் எந்தக் கட்சிக்கு யார் பூத் ஏஜென்ட் என்பதுவரை விரல் நுனியில் இருக்கும். இந்த இடத்தை விட்டு எங்கேயாவது போய்விட வேண்டும் என்பான். வேறு யாராவது இந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னால் சட்டைக் கையை மடிப்பான். இவர்களுக்குத் தெளிவே இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். பக்கத்திலிருந்து பார்க்கிற எனக்கு அப்படித் தோன்றவில்லை. சினிமாவோ அரசியலோ அன்றாடமோ, எதைப் பேசினாலும் அவன் அடியில் பேசுவது தன் முகவரியைத்தான். அதை மற்றவர்கள் எதற்கெல்லாம் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பதைத்தான்.

என் அண்ணன் பையனையே எடுத்துக்கொள்கிறேன். வயது 21. வீடு கொருக்குப்பேட்டை. பி.காம் முடித்துவிட்டு பாரிமுனையில் துறைமுகச் சரக்குகளுக்குக் கிளியரிங் பார்க்கும் ஆபீஸ் ஒன்றில் பில் போடுகிறான். அதற்கு முன் போன ஒரு இன்டர்வியூவில் விண்ணப்பத்திலிருந்த முகவரியைப் பார்த்துவிட்டு, “அந்தப் பக்கம் சண்டையெல்லாம் ஜாஸ்தியாமே?” என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். இரவில் வண்டிச் சோதனையில் நிறுத்தினால் முதல் கேள்வி லைசென்ஸைப் பற்றி இருக்காது. “எந்த ஏரியா தம்பி?” பதில் சொன்னதும் வண்டியை ஓரம் கட்டச் சொல்வார்கள். கடன் கொடுக்கும் கம்பெனி ஆட்கள் ‘நெகட்டிவ் ஏரியா’ என்று ஒரு கணக்கு வைத்திருப்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் வியாசர்பாடிப் பையன் பெரம்பூர் என்று சொல்கிறான், புளியந்தோப்புப் பையன் சென்ட்ரல் பக்கம் என்கிறான். இவன் மட்டும் வீம்புக்கு கொருக்குப்பேட்டை என்றே போடுவான். அந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி நிலம் பெற்றுக் கோட்டை கட்டியது. உள்ளே வெள்ளைக்காரர்கள், வடக்கே நெசவாளர்களும் வியாபாரிகளும் கூலிகளும் இருந்த பகுதிக்குக் கறுப்பர் நகரம் என்று பெயர். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749இல் அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. இந்தக் காலத்துச் சண்டைகளை ஒட்டி, கோட்டைக்குப் பக்கத்திலிருந்த வீடுகள் இடிக்கப்பட்டு மக்கள் இன்னும் வடக்கே தள்ளப்பட்டார்கள். இடித்த இடத்தில்தான் இன்றைய உயர் நீதிமன்றம் நிற்கிறது. 1911இல் கறுப்பர் நகரத்தை ஐந்தாம் ஜார்ஜ் பெயரை வைத்து ஜார்ஜ் டவுன் ஆக்கினார்கள். அந்தக் காலத்திலிருந்தே நகரத்துக்குத் தேவைப்பட்ட, ஆனால் யார் வீட்டுக்குப் பக்கத்திலும் வேண்டாத எல்லாம் வரிசையாக இந்தப் பக்கம் வந்தன. 1856இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது பெருமைதான். கூடவே துறைமுகம், நிலக்கரி, பஞ்சாலை, தோல் கிடங்கு. 1969இலிருந்து மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு, அதை ஒட்டி உரம், ரசாயனம். எண்ணூரில் அனல் மின்நிலையங்கள். கொடுங்கையூரில் 340 ஏக்கருக்கும் மேலான குப்பைமேடு. மின்சாரம் தெற்கே போனது, சாம்பல் இங்கே தங்கியது.

இந்த வரலாறு முழுவதையும் ஒரே காம்பவுண்டுக்குள் பார்க்க வேண்டுமென்றால் பெரம்பூர் பின்னி மில்லைப் பார்க்கலாம். பக்கிங்காம் அண்ட் கர்னாடிக் என்பது முழுப் பெயர். பெரியவர்களுக்கு பி அண்ட் சி மில். இந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் அது, பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. கூட நின்றார். 1921 வேலைநிறுத்தம் சாதியாகப் பிரிந்து புளியந்தோப்புக் கலவரத்தில் முடிந்ததும் இதே ஆலையில்தான். சங்கப் பெருமை பேசுகிறவர்கள் அந்தப் பக்கத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். 1990களில் ஆலை மூடியது. மூடிய பிறகு அது ஷூட்டிங் ஸ்பாட் ஆனது. ஆளில்லாத பெரிய ஷெட், உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த இரும்பு: வில்லன் கூடாரத்துக்கு செட் போட வேண்டிய செலவே இல்லை. தமிழ்ப் படங்களில் கதாநாயகன் பதினைந்து பேரைத் தூக்கி வீசிய சண்டைகள் எத்தனையோ அங்கே எடுக்கப்பட்டவை.

என் அப்பா அந்த ஆலையில் வேலை பார்த்தவர். டிவியில் சண்டைக் காட்சி வந்தால் அவர் கதாநாயகனைப் பார்க்க மாட்டார், பின்னால் தெரியும் தூணைப் பார்ப்பார். “இது ஸ்பின்னிங் ஷெட்டு. அந்தப் பக்கம்தான் எங்க ஷிப்ட்டு பெல் இருந்துச்சி” என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரனுக்கு அப்போது பத்து வயதுகூட இருக்காது. இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பிவிட்டன. பையன் இதை ஒரு தடவை ரத்தினச் சுருக்கமாகச் சொன்னான்: “தாத்தாவுக்கு வேலை குடுத்த எடம், அப்புறம் சினிமாக்காரன் அடிச்சிக்கிற எடம், இப்ப நம்மால வாங்க முடியாத எடம்.” அவனுடைய சினிமாக் கருத்துகளுக்கெல்லாம் மூலம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

சினிமாவில் வடசென்னை என்றால் ஒரு வாய்ப்பாடு உண்டு. மேலிருந்து ஒரு குடிசைக் காட்சி, காசிமேட்டு மீன்கூடை, ஒரு கேரம் போர்டு, லுங்கி, அரிவாள். கேமரா எப்போதும் சந்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இதில் பையனின் புகார் வன்முறையைப் பற்றியது இல்லை. ஏரியாவில் கொலை நடந்திருக்கிறது, கேங் இருந்திருக்கிறது, அதை அவன் மறுக்கவில்லை. படத்தில் யாரும் வேலைக்குப் போவதில்லை என்பதுதான் அவன் புகார். காலை ஐந்தரைக்குக் கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் நின்று பார்த்தால் தெரியும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பிளாட்பாரம், பீச் பக்கம் கூலிக்கும் கடைக்கும் போகிறவர்கள் எதிர் பிளாட்பாரம். இந்தக் கூட்டம் திரையில் வருவதே இல்லை என்கிறான்.

அதனால்தான் 2014இல் வந்த பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ படத்தை இங்கே இன்றும் பேசுகிறார்கள். அதைச் சுவரைப் பற்றிய அரசியல் படம் என்று விமர்சகர்கள் எழுதினார்கள், சரிதான். ஆனால் இந்தப் பசங்களுக்கு அதில் பிடித்த விஷயம் சின்னது: கதாநாயகன் ஹவுசிங் போர்டில் இருந்துகொண்டு ஐ.டி. கம்பெனிக்கு வேலைக்குப் போகிறான், சாயந்திரம் வந்து ஃபுட்பால் ஆடுகிறான். அப்படி ஒருவன் ஒவ்வொரு பிளாக்கிலும் இருக்கிறான், படத்தில் அதற்கு முன் அவனைக் காணோம். 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’ வந்தபோது வீட்டுப் பெரியவர்களுக்கு வாய் ஓயவில்லை. சார்பட்டா, இடியாப்பா என்பவை இங்கே உண்மையில் இருந்த குத்துச்சண்டைப் பரம்பரைகள். துறைமுகக் கூலியும் மீனவரும் ஆலைத் தொழிலாளியும் ஆடிய விளையாட்டு அது. எழுபதுகளில் நடக்கும் கதை என்பதால் அதில் பையனுக்கு நேரடி நினைவு ஒன்றும் இல்லை. தாத்தாக்களின் அரட்டைக்குத் திடீரென்று மரியாதை கூடிப்போனதை மட்டும் கவனித்தான். ஆனாலும் விசில் அடித்துப் பார்ப்பது கேங்ஸ்டர் படத்தைத்தான். கேட்டால், “நம்ம தெருவு ஸ்கிரீன்ல வருது சித்தப்பா, பாக்காம எப்டி?” என்கிறான். அவமானமும் ஆசையும் ஒரே டிக்கெட்டில் போகின்றன. அதைத் திருத்தப் போவது என் வேலை இல்லை.

கானா விஷயத்தில் அவனுக்குக் கருத்து இன்னும் கறார். கானா வளர்ந்தது சாவு வீட்டில். பிணம் எடுக்கும்வரை இரவு முழுக்க உட்கார்ந்து இறந்தவரின் கதையைப் பாட்டாகச் சொல்வார்கள்; சட்டியோ டோலக்கோ கையில் கிடைத்தது தாளம். தொண்ணூறுகளில் இசையமைப்பாளர் தேவா அதைத் திரைக்குக் கொண்டுவந்து எல்லா ஊர் திருவிழாவிலும் ஓடவிட்டார். 2006இல் கானா உலகநாதன், 2012இல் கானா பாலா என்று பாடகர்களே முகத்தோடு வெளியே வந்தார்கள். 2018 ஜனவரியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற இசைக்குழு சென்னையில் மேடை ஏறியபோது கானாக்காரர்களும் ராப், ராக் ஆட்களும் சேர்ந்து நின்று இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடினார்கள். அதுவரை கானா என்றால் காதல் தோல்வியும் சரக்கும்தான் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது புதிது. சாவு வீட்டில் கேட்டவர்களுக்குப் புதிதில்லை. அங்கே வட்டிக்காரனையும் போலீஸையும் பாடாத பாட்டு ஏது?

இப்போது ஆளாளுக்கு யூடியூபில் சேனல் இருக்கிறது. செல்போனும் ஒரு மைக்கும் போதும். அதில் பாதி, கத்தியைக் காட்டுவது, ஏரியா பெயரைச் சொல்லி மிரட்டுவது, விட்டுப்போன பெண்ணைக் கண்டபடி திட்டுவது. பையன் இதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான். ஒழுக்கத்துக்காக இல்லை. இப்படி ஒரு வீடியோ பரவினால் அடுத்த வாரம் அந்தத் தெருப் பசங்கள் எல்லோரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவார்கள், வண்டிச் சோதனை இரட்டிப்பாகும். பாடினவனுக்கு வியூஸ், மற்றவனுக்கு விசாரணை. சினிமாக்காரன் செய்ததையே நம்ம ஆளும் செய்கிறான் என்பது அவன் கோபம்.

விளையாட்டுதான் இதற்கெல்லாம் மாற்று என்று பொதுவாகச் சொல்லப்படும். ஓரளவுக்கு உண்மை. ஃபுட்பாலுக்காக வியாசர்பாடியை மினி பிரேசில் என்கிறார்கள். அங்கிருந்து போன தனபால் கணேஷ் சென்னையின் எஃப்.சி. அணியில் ஆடினார். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். படங்களில் ரவுடி உட்கார்ந்து பவுடர் தூவிக்கொண்டிருக்கும் அதே போர்டு. செய்தி வந்த அன்று ஏரியா வாட்ஸ்ஆப் குழுக்களில் அதைப் பகிராத ஆளில்லை. ஆனால் வெற்றிக்கு அப்புறம் வரும் பாராட்டுகளில் ‘குடிசையிலிருந்து’, ‘சேற்றில் செந்தாமரை’ என்று எழுதுவார்களே, அதைக் கண்டால் இவனுக்கு ஆகாது. சேறு என்று யாரைச் சொல்கிறார்கள் என்று கேட்கிறான். நியாயமான கேள்வி.

சரி, அரசியல். வெளியில் நினைப்பதுபோல இங்கே அரசியல் டிவியில் ஆரம்பிப்பதில்லை, தெருமுனையில் ஆரம்பிக்கிறது. 1949 செப்டம்பரில் திமுக பிறந்தது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். மழையில் நடந்த அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டு வளராத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு. மில் சங்கம், அம்பேத்கர் இரவுப் பாடசாலை, எம்ஜிஆர் மன்றம், செங்கொடிச் சங்கம் எல்லாம் ஒரே தெருவில் பத்து அடி தூரத்தில் இருந்தவை. ஒரே வீட்டில் அப்பா ஒரு கட்சி, மாமா ஒரு கட்சி. வட்டச் செயலாளர் யாரோ ஒரு தலைவர் கிடையாது. கீழ்வீட்டு அண்ணன், அல்லது கூடப் படித்தவனின் பெரியப்பா. ரேஷன் அட்டை, பள்ளிக்கூட சீட், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அட்மிஷன், ஸ்டேஷனில் மாட்டிய பையனை வெளியே கொண்டுவருவது: எல்லாம் அவர் வழியாகப் போகும். இந்த ஏற்பாட்டில் வளர்ந்த பிள்ளைக்குக் கொள்கை முதலில் தெரியாது, ஆளைத் தெரியும். யார் போன் எடுப்பார், யார் எடுக்க மாட்டார் என்று தெரியும். அதையே வெளியிலிருந்து பார்ப்பவர், இவர்களுக்கு அரசியல் அறிவு இல்லை என்று எழுதுகிறார்.

ஆர்.கே. நகரை வைத்து இந்தப் பகுதிக்கு ஒட்டிய முத்திரை பெரிது. 2015 இடைத்தேர்தலிலும் 2016 பொதுத்தேர்தலிலும் ஜெயலலிதா இங்கே ஜெயித்தார். அவர் இறந்த பிறகு 2017 ஏப்ரலில் நடக்க வேண்டிய இடைத்தேர்தலைப் பணப்பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையமே ரத்து செய்தது. டிசம்பரில் நடந்தபோது சுயேச்சையாக குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி. தினகரன் 40,000க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். இருபது ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்ற பேச்சு ஊர் உலகமெல்லாம் போனது. அப்போது பையன் எட்டாம் வகுப்பு. தெருவில் விதவிதமான கரைவேட்டிகளும் வெளியூர்ப் பதிவெண் கார்களும் நிறைந்திருந்ததுதான் அவனுக்கு நினைவு. அத்தனை கார் வந்தும் ரயில்வே கேட்டைத் தாண்ட அரைமணி நேரம் காத்திருந்தது அப்படியே இருந்தது என்பான். காசு வாங்கினது தப்பா என்று கேட்டால் மழுப்ப மாட்டான். “தப்புதான். ஆனா குடுத்தவன் பேர் யாருக்கும் நாவகம் இல்ல, வாங்கின தொகுதி பேர் மட்டும் நிக்குது பாத்தியா?” அந்தப் பதிலில் தற்காப்பு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதற்காக அது பொய்யாகிவிடாது.

நடிகர் விஜய் 2024 பிப்ரவரியில் கட்சி அறிவித்தபோது, சினிமா மோகத்தில் இளைஞர்கள் போகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. தெருவில் அது வேறு மாதிரி நடந்தது. அவருடைய மக்கள் இயக்கம் 2009இலிருந்தே இருந்தது. நோட்டுப் புத்தகம் கொடுப்பது, ரத்ததானம், சாவுக்குப் பந்தல் போடுவது என்று தெருமுனை வேலைகளைச் செய்துகொண்டிருந்த பசங்களுக்கு அது கட்சியானது பதவி உயர்வு மாதிரி. பழைய கட்சிகளில் கொடி கட்டவும் நாற்காலி போடவும் மட்டும் கூப்பிடப்பட்ட பையனுக்கு முதல்முறையாக லெட்டர்பேடில் பெயர் வருகிறது. அது மோகத்தைவிட வலுவான காரணம். அண்ணன் பையனின் நண்பர்களில் பலர் அங்கே போனார்கள், இவன் போகவில்லை. ரத்தம் கொடுத்தது நல்ல விஷயம்தான், கேப்டன் காட்டன் கால்வாயை யார் தூர்வாருவது என்று அவர்களிடம் கேட்டானாம். நண்பர்கள் திருப்பிக் கேட்டார்கள்: இதுவரை இருந்தவர்கள் தூர்வாரினார்களா? அந்த விவாதம் கேரம் போர்டைச் சுற்றி இன்னும் முடியவில்லை.

கட்சிக்கு வெளியே நடந்த அரசியல்தான் இந்தத் தலைமுறையை அதிகம் தொட்டது என்பது என் எண்ணம். 2020 பிப்ரவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்தவர்கள்மேல் தடியடி நடந்தது. அதற்குப் பிறகு அந்த இடம் இரவும் பகலும் நடக்கும் போராட்டக்களமாகி, கொரோனா வரும்வரை நீடித்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பெண்களே அதிகம். பையனோடு ஸ்கூலில் படித்தவர்களின் அம்மாக்கள், பிரியாணிக் கடைக்காரர் வீட்டுப் பெண்கள். அதுவரை வீட்டு வாசலில் மட்டும் பார்த்த ஒருவரை மைக் முன்னால் பார்ப்பது பதினைந்து வயதில் சாதாரண விஷயமில்லை. 2022இல் திரு.வி.க. நகரிலிருந்து ஆர். பிரியா மேயரானார், சென்னைக்கு முதல் தலித் பெண் மேயர், அதுவும் முப்பது வயதுக்குள். அதைப் பெருமையாகப் பேசியவர்களே மறு மழைக்கு அவரையே திட்டவும் செய்தார்கள். நம்ம ஏரியா ஆள் என்பதால் சலுகை கிடையாது.

அன்றாடத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முதலில் காற்று. கொருக்குப்பேட்டைப் பிள்ளைகள் வாசனையை வைத்துத் திசை சொல்வார்கள். மணலிப் பக்கமிருந்து அடித்தால் அழுகிய முட்டை மாதிரி ஒரு நெடி, கொடுங்கையூர் பக்கமென்றால் எரிந்த பிளாஸ்டிக். ஜன்னலை எப்போது சாத்த வேண்டும் என்று கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குத் தனியாகத் தெரியும். 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது பக்கெட்டால் அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் எண்ணூர்க் கழிமுகத்துக்குள் வந்து படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் ஒட்டியது. அதைத் துடைத்து முடிப்பதற்குள், அதே மாதக் கடைசியில் நள்ளிரவில் கடலுக்கடியில் போன குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுந்து கைக்குக் கிடைத்த வண்டியில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அந்த இரவில் பையனின் போனுக்கு வந்த குரல் பதிவு ஒன்றை எனக்குப் போட்டுக் காட்டினான். இருமலும் நாய்களின் குரைப்பும்தான் கேட்டன, பேச்சு கொஞ்சம்தான். சுற்றுச்சூழல் என்ற தலைப்பில் அவன் எதுவும் படித்ததில்லை. ஆனால் கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை வருகிறது என்றதும், புகை எந்தப் பக்கம் போகும் என்று முதலில் கேட்டவன் அவன்தான்.

அப்புறம் கண்டெய்னர் லாரி. துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நிற்கும் லாரிகளுக்கும் பள்ளிக்கூடச் சைக்கிளுக்கும் ஒரே சாலை. மழை வந்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பி வியாசர்பாடி இரண்டாகும். இவற்றோடு ஒப்பிட்டால் மெட்ரோ வந்தது பெரிய மாற்றம். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் நீட்டினார்கள். முதல் மெட்ரோ 2015இலேயே கோயம்பேடு, ஆலந்தூர் பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் இங்கே யாரும் மெட்ரோவைப் புகழ மாட்டார்கள். 2023 பட்ஜெட்டில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள், பிறகு திட்டம் பெரிதாக்கப்பட்டது. 2021இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் புதுக் குடியிருப்பில் கையால் தொட்டதும் சுவர்ப்பூச்சு உதிர்ந்த வீடியோவைப் பார்த்த தலைமுறை இது. எதைத் திறந்தாலும் முதலில் சுவரைச் சுரண்டிப் பார்ப்பார்கள்.

சாப்பாட்டில் மட்டும் இவனுக்குக் குறை கிடையாது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ், வாழைத்தண்டு சூப், தெருவுக்குத் தெரு பீப் சுக்கா. தெற்கிலிருந்து வீடியோ எடுக்க வருகிறவர்கள் ‘மறைந்திருக்கும் ரகசியக் கடை’ என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். ஆபீஸ் விட்டு வந்ததும் தினம் சாப்பிடுகிற கடையில் ரகசியம் எங்கிருந்து வந்தது என்று சிரிக்கிறான்.

இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டியபோது அவன் அக்கா இடைமறித்தாள். அவளுக்கு 24, கிண்டியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. மன்றம், கேரம் போர்டு, டீக்கடை, ஃபுட்பால் மைதானம் என்று நான் எழுதிய ஒரு இடத்தில்கூட அவள் உட்கார்ந்ததில்லை. “ஏரியா ஏரியாங்கிறீங்க சித்தப்பா, அதுல எனக்கு எங்க எடம்?” தம்பிக்கு முகவரி வீம்பு, அவளுக்கு அது வரன் பார்க்கும்போது மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் சாக்கு. கேங்ஸ்டர் படமும் கானாவும் அவளைத் தொடவே இல்லை; அதில் வரும் பெண் அழுகிறாள், இல்லையென்றால் வசவு வாங்குகிறாள்.

அவளுடைய அரசியல் கணக்கு வேறு. 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால்தான் அம்மா தனியாக எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கும் தன் அக்கா வீட்டுக்கும் போக ஆரம்பித்தார் என்கிறாள். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது பாரதி மகளிர் கல்லூரியில்தான். அவளோடு ஸ்கூலில் படித்த சிலரின் தங்கைகள் அந்தப் பணத்தை வைத்துத்தான் படிப்பை நிறுத்தாமல் முடித்தார்கள். இதையெல்லாம் கொடுத்த கட்சிக்கு நன்றி விசுவாசமா என்றால், வரிப்பணம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். 2024 நவம்பரில் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். உட்கார்ந்து படிக்க, வேலை பார்க்க நாற்காலியும் மேசையும் இணையமும் குளிர்சாதனமும். சி.ஏ. தேர்வுக்கு இரண்டு பேர் தூங்கும் அறையில் உட்கார்ந்து படிக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. அது மாதிரி ஒன்று கொருக்குப்பேட்டையில் எப்போது வரும் என்று கவுன்சிலர் ஆபீசுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். இடம் இல்லை என்று பதில் வந்ததாம். லாரி நிறுத்த இருக்கிற இடத்தையெல்லாம் தெருவாரியாக ஒரு தாளில் எழுதி மனுவோடு இணைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ஒப்புகைச் சீட்டு அவள் பர்சில் இருக்கிறது.